பழைய வேட்டியில் செய்த மம்மி

அக்டோபர் மாதம் பாதி கழிந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பிரின்சிபால் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, போனில் சில படங்களைக் காட்டினார். கோயம்புத்தூர் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் முந்தின வருடம் ஹாலோவீன் கொண்டாடியிருக்கிறார்கள். கூரையிலிருந்து வெள்ளைப் பேய்கள் தொங்கின. ஒரு மூலையில் எலும்புக்கூடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

"நம்ம கேஜி பிளாக்குல மட்டும் பண்ணுவோம் மிஸ். முப்பத்தொண்ணாம் தேதி. பேரன்ட்ஸ் குரூப்ல போட்டோ போட்டா நல்லா இருக்கும்" என்றார்.

நான் யூகேஜி ஆசிரியை. அந்தப் பள்ளியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கிருஷ்ண ஜெயந்திக்குக் கிரீடம், கிறிஸ்துமஸுக்குக் குடில், மழைக்கால தினத்துக்குப் பஞ்சு மேகம் எல்லாம் நான்தான் செய்வேன். அதனால் பேயும் என்னிடம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கடையில் எதையும் வாங்க வேண்டாம், வீட்டில் கிடப்பதை வைத்தே செய்துவிடுங்கள் என்று சொல்லி, அரைத்தாளில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். பேய், வௌவால், சிலந்தி வலை, பூசணி, எலும்புக்கூடு, மம்மி.

நான் பிறந்தது பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். எங்கள் பக்கத்தில் பேய்க்கு உருவம் கிடையாது. யாருக்கோ பிடித்திருக்கிறது என்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், அவ்வளவுதான். எப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே பேய் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் அந்தப் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொருள் சேர்ப்பதில் முதல் வாரம் போனது. என் கணவர் டவுன் பஸ் டிரைவர். அவரிடம் சொன்னால் எதையும் ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்துவிடுவார். பிரியாணிக் கடையிலிருந்து முட்டை அட்டை ஒரு கட்டு, எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து தெர்மோகோல், டீக்கடையிலிருந்து பழைய பேப்பர். வீட்டில் கிழிந்த தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்தேன். கறுப்புக் குப்பைக் கவர் ஏற்கெனவே இருந்தது.

வௌவால் சுலபம். முட்டை அட்டையில் மூன்று குழி வரிசையாக வருகிற மாதிரி வெட்டினால், நடுக்குழி உடம்பு, இரண்டு பக்கமும் சிறகு. கீழ்விளிம்பை வளைவு வளைவாகக் கத்தரித்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. நாற்பது செய்தேன். எலும்புக்கூட்டுக்குத் தெர்மோகோல். சூடாக்கிய கத்தியில் அறுத்தால் உதிராமல் வரும். ஆனால் நாற்றம் தாங்காது. விலா எலும்பு எத்தனை என்று எண்ணாமல் இடம் இருந்த அளவுக்கு வைத்தேன். சிலந்தி வலைக்கு இலவம்பஞ்சைத் தண்ணீரில் லேசாக நனைத்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து, ஜன்னல் கம்பியில் சுற்ற வேண்டும். இழுக்கிற வேகம் கொஞ்சம் கூடினால் அறுந்துபோகும்.

பூசணிக்குப் பலூன் ஊதி, அதன் மேல் மைதாப் பசை தடவிய பேப்பர் துண்டுகளை ஐந்து அடுக்கு ஒட்டினேன். காய்ந்ததும் பலூனைக் குத்தி எடுத்துவிட்டு, கண், மூக்கு, பல் வெட்டி, ஆரஞ்சு வண்ணம் அடித்தேன். பள்ளிக்குக் கொண்டுபோனபோது ஆயாம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது கட்டடத்துல கட்டித் தொங்கவிடுற திருஷ்டிப் பூசணிக்காதானே மிஸ்?"

"இது வேறங்க ஆயாம்மா. வெளிநாட்டுல வைக்கிறது."

"அங்கயும் திருஷ்டி படும்ல" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டப் போய்விட்டார்.

ஆயாம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு முன்பிருந்தே பள்ளியில் இருக்கிறார். என் பேச்சில் வருகிற 'ங்க'வைக் கேலி செய்துகொண்டே, நான் சொல்கிற எல்லா வேலைக்கும் வந்து நிற்பார். அடுத்த பத்து நாளும் மாலையில் குழந்தைகள் போன பிறகு அவர்தான் எனக்குத் துணை.

பேய் செய்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். வடிகஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, அதில் பழைய வேட்டித் துணியை முக்கி எடுத்து, தண்ணீர்க் கேனின் மேல் ஒரு பந்தை வைத்து, அதன் மேல் போர்த்திவிட வேண்டும். துணியின் நுனிகளைத் தரையில் விரித்துவிட்டால், காய்ந்து விறைத்த பிறகு கேனையும் பந்தையும் உருவி எடுத்துவிடலாம். உள்ளே ஒன்றும் இல்லாமல் துணி தானாக நிற்கும். முதல் பேய் வெயிலில் ஒரே நாளில் காய்ந்தது. இரண்டாவது பேய் செய்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நடுக்கூடத்தில் ஃபேனுக்குக் கீழே நிறுத்தினேன். மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து என் கணவர் வந்தார். மழை இருட்டில் லைட் போடாத கூடத்தில் அது நின்றிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவருக்குச் சாப்பாடு போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மம்மிதான் கடைசி வேலை. பட்டியலை வாசித்துக் காட்டியபோது ஆயாம்மா, "மம்மின்னா அம்மால்ல?" என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். எகிப்தில் ராஜாக்கள் செத்தால் இப்படித் துணியால் சுற்றி வைப்பார்கள் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவுக்குத் துணி எங்கேயும் உண்டுதானே என்பது போல ஒரு பார்வை.

என் கணவரின் பழைய வேட்டி இரண்டு இருந்தது. ஒன்றை நான்கு விரல் அகலத்தில் கிழித்து, டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். படத்தில் இருப்பதைப் போலப் பழுப்பு நிறம் வரும் என்று நினைத்தேன். திட்டுத் திட்டாக வந்தது. "கறை பட்ட மாதிரி இருக்கு மிஸ், வேணாம்" என்றார் ஆயாம்மா. அதைத் தூர எறிந்தோம். பழைய பேன்ட், சட்டைக்குள் பேப்பரைச் சுருட்டித் திணித்து நாலடி நீளத்துக்கு ஓர் உடம்பு செய்தோம். பேப்பர் உருண்டையில் தலை. பேய் செய்ததில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியைக் கிழித்துச் சுற்ற ஆரம்பித்தால், சுற்றச் சுற்ற நழுவியது. ஒரு மணி நேரம் போராடியிருப்போம்.

"இம்புட்டு சுத்துறதுக்கு முழுசாப் போர்த்தி மூணு எடத்துல கட்டிருவோம் மிஸ். யாரு பாக்கப்போறா" என்றார் ஆயாம்மா.

அப்படியே செய்தோம். கிழிக்காத இன்னொரு வேட்டியை முழுசாக நீளவாக்கில் போர்த்தி, தலைக்கு மேலே ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, காலுக்குக் கீழே ஒரு கட்டு. கட்டிய துணித் துண்டுகளில் கஞ்சி தடவியிருந்ததால் முடிச்சு நன்றாக இறுகியது. இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு அதன் மேல் கிடத்தினோம். தள்ளி நின்று பார்த்தபோது, செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. ஆயாம்மா அதன் கால் பக்கத்தைக் கொஞ்சம் நேராக்கினார்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் குழந்தைகள் கலர் டிரெஸ்ஸில் வந்தார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் பயப்படவில்லை. கஞ்சி போட்ட பேயைத் தட்டிப் பார்த்து, சத்தம் வருகிறது என்றார்கள். எலும்புக்கூட்டின் கையை ஒருவன் பிடுங்கிவிட்டான். வௌவால்களை எண்ணச் சொன்னேன். பதினேழுக்கு மேல் யாருக்கும் சரியாக வரவில்லை. மம்மியைப் பார்த்து, "தூங்குதா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு பெண்குழந்தை மட்டும் அங்கேயே நின்றாள்.

ஜூனில் சேர்ந்தவள். ஐந்தரை வயது. டவுனுக்குள் இருக்கிற முஸ்லிம் குடும்பம். அப்பா தோல் வியாபாரத்தில் இருந்தார். ஆகஸ்டில் பைபாஸில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனார். பத்து நாள் அவள் வரவில்லை. பள்ளியிலிருந்து மூத்த ஆசிரியைகள் இரண்டு பேர் துக்கம் கேட்கப் போனார்கள். எனக்கு அன்று ஏதோ வேலை இருந்தது, போகவில்லை. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை. திரும்பி வந்த பிறகு அவள் அதிகம் பேசவில்லை. அதற்கு முன்பும் அதிகம் பேசாதவள்தான். அதனால் நான் வித்தியாசம் எதையும் பார்க்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் நின்று மம்மியின் கால்பக்கக் கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல. போய் உக்காரு" என்றேன்.

போய் உட்கார்ந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ எல்லோரையும் வரிசையில் விட்டபோது ஒரு தலை குறைந்தது. வகுப்புக்குத் திரும்பி வந்தேன். அவள் பெஞ்சின் பக்கத்தில் மண்டிபோட்டு, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி காய்ந்த முடிச்சு, அவள் விரலுக்கு வந்திருக்காது.

நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். கொஞ்சம் வேகமாகத்தான் தூக்கினேன் என்று நினைக்கிறேன். "வாயில வைக்காத. அழுக்கு."

"அவுத்து விடுங்க மிஸ்."

"ஏன்?"

"இல்லன்னா எந்திரிக்க முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பொம்மை என்றேன். போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை விலக்கி, உள்ளே திணித்திருந்த பேப்பரைக் காட்டினேன். ஏதோ நகைக்கடை விளம்பரம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"தெரியும் மிஸ். இருந்தாலும் அவுத்து விடுங்க."

ஆயாம்மா சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்க உள்ளே வந்தவர் இதைக் கேட்டு நின்றார். குழந்தையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மிஸ், முஸ்லிமுக வீட்ல செத்தா மையத்த இப்பிடித்தான் கட்டுவாக. வெள்ளைத்துணி போத்தி, மூணு கட்டு. எங்க தெருவுக்கு அடுத்த தெரு அவுகதானே, நான் எத்தனையோ பாத்துருக்கேன். கட்டுறப்ப எனக்கும் தோணலையே."

நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பொம்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அதை மம்மியாகப் பார்க்க முடியவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து அவிழ்த்தோம். தலைப்பக்கத்தை ஆயாம்மா கத்தரிக்கோலால் வெட்டப் போனபோது, அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வெட்டக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டுமாம். ஆயாம்மா ஹேர்பின்னை எடுத்து முடிச்சுக்குள் விட்டு நெகிழ்த்தினார். இடுப்புக் கட்டை நான் அவிழ்த்தேன். கால்பக்கத்தை அவளே அவிழ்க்க வேண்டும் என்றாள். ஆயாம்மா அதில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு நனைத்துக் கொடுத்தார். நேரமெடுத்து அவிழ்த்தாள். முடித்ததும் துணித் துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

"எங்க அத்தாவுக்கு யாரு மிஸ் அவுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் சரி என்று சாப்பிடப் போனாள்.

இரண்டரை மணிக்குப் பெற்றோர்கள் வந்தார்கள். பிரின்சிபால் மேடம் போனோடு வந்து ஒவ்வொரு மூலையிலும் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்தார். பெஞ்சின் மேல் வேட்டியும் பேப்பரும் தனித்தனியாகக் கிடந்ததைப் பார்த்தார்.

"மம்மி என்னாச்சு மிஸ்?"

"அவுத்துட்டோம் மேடம்."

"செத்த நேரம் கட்டி வைங்க. ரெண்டு போட்டோ எடுத்துட்டு எடுத்துடலாம்."

"கட்டலீங்க மேடம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பெற்றோர் காதில் விழாதபடி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆயாம்மாவைக் கூப்பிட்டுப் பெஞ்சை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். மிச்சப் படங்களைச் சிலந்தி வலைக்கு முன்னால் எடுத்தார்.

அவளைக் கூட்டிப் போக அவள் மாமா வந்தார். அம்மாவுடைய தம்பி. இருபத்திரண்டு வயது இருக்கலாம். தினமும் கேட்டில் நின்று கூட்டிப் போகிறவர். நானும் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"எதுவும் சேட்டை பண்ணுச்சா மிஸ்?"

"இல்லைங்க. அவுங்க அம்மாகிட்ட ஒண்ணு பேசணும்."

நடக்கிற தூரம்தான். பிரியாணிக் கடைகள் இருக்கிற வீதியைத் தாண்டி உள்ளே போகிற சந்து. வீட்டு வாசலில் திரை போட்டிருந்தது. மாமா வெளியே நின்றுகொண்டார். அவள் செருப்பை உதறிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே ஓடினாள்.

அவள் அம்மாவை நான் அதற்கு முன் ஒரு முறைதான் பார்த்திருந்தேன், அட்மிஷன் அன்று. இப்போது இளைத்திருந்தார். "வாங்க மிஸ். நான் இத்தாவுல இருக்கேன். அதான் ஸ்கூலுக்கு வர முடியல" என்றார். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பெண்கள் வந்து பார்க்கலாம் என்பதும் தெரியும். தெரிந்தும் நான் மூன்று மாதமாக வரவில்லை.

நான் உட்காருவதற்கு முன்பே அவர் கேட்டார். "முடிச்ச அவுத்துச்சா மிஸ்?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மாதமாக வீட்டில் ஒரு முடிச்சையும் விடமாட்டேன் என்கிறாளாம். அரிசிச் சாக்கின் கட்டு, திரைச்சீலையின் கட்டு, பக்கத்து வீட்டு ஆட்டின் கயிறு. ஆடு போய் யாரோ வீட்டில் வெஞ்சனத்துக்கு நறுக்கி வைத்த காயைத் தின்று பிரச்சினையாகியிருக்கிறது. திட்டினார்கள், ஒருமுறை அடித்தும் விட்டார்கள். நிற்கவில்லை. "நீங்களும் டைரியில எழுதியிருந்தீங்க" என்றார்.

எழுதியிருந்தேன். செப்டம்பரில். மற்ற குழந்தைகளின் ஷூ லேஸையும் சாப்பாட்டுப் பையின் கட்டையும் அவிழ்த்துவிடுகிறாள், கண்டிக்கவும் என்று சிவப்பு மையில். அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கையில்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். வேட்டி, பேப்பர், மூன்று கட்டு, பல்லால் கடித்தது. நான் சொல்லச் சொல்ல அவர் தன் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். 'இல்லன்னா எந்திரிக்க முடியாது' என்று அவள் சொன்னதைச் சொன்னபோது சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எந்திரிக்க முடியாதுன்னா சொன்னுச்சு?"

"ஆமாங்க. அப்பறம், அத்தாவுக்கு யாரு அவுத்தாங்கன்னு கேட்டா. எனக்குத் தெரியல. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் எனக்கு விளக்கினார். ஓதப் போகிற இடத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கபருக்குள், அதாவது புதைத்த குழிக்குள், மலக்குகள் என்கிற வானவர்கள் வந்து எழுப்பி உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று. வீட்டில் அத்தாவை மூன்று கட்டுப் போட்டுக் கிடத்தியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது.

"கட்டோட கெடந்தா எப்படி உக்காருவாருன்னு நெனச்சிருக்கு மிஸ். நாங்க சேட்டைன்னு நெனச்சோம்."

"அவுப்பாங்களாங்க?"

"அவுப்பாங்க. குழிக்குள்ள வச்சதும் அவுத்துருவாங்க. ஆனா நான் பாத்தனா? பொம்பளைக யாரும் அங்க போறதில்லையே."

குழிக்குள் இறங்கியவர் அவள் அத்தாவின் அண்ணன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். அம்மா போனை எடுத்து அவருக்குப் போட்டார். சலாம் சொல்லிவிட்டு, பிள்ளை ஒன்று கேட்கணுமாம், கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்லுங்க என்று மட்டும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட்டோடு வந்தாள்.

"பெரியத்தாகிட்ட கேளு. மிஸ்கிட்ட என்ன கேட்டியோ அதக் கேளு."

அவள் போனைப் பார்த்துக் கேட்டாள். "அத்தாவுக்கு முடிச்ச யாரு அவுத்தா?"

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"நாந்தாம்மா அவுத்தேன்."

"மூணுமா?"

"மூணும்."

"தலைமாட்டுல?"

"தலைமாட்டுல, இடுப்புல, கால்மாட்டுல. மூணையும் அவுத்துட்டுத்தான் நான் மேல ஏறுனேன்."

"இறுக்கமா இருந்துச்சா?"

"இல்ல கண்ணு. லேசாத்தான் கட்டியிருந்தாங்க. இழுத்ததும் வந்துருச்சு."

அவள் பிஸ்கட்டைக் கடித்தாள். "சரி" என்று போனை அம்மாவிடம் தள்ளிவிட்டு, மாமா வெளியே நிற்பதைப் பார்த்து வாசலுக்குப் போய்விட்டாள். போனில் பெரியத்தா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போனை எடுத்து, அப்புறம் பேசுவாங்க என்று சொல்லி வைத்தேன்.

டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன். டைரியில் நான் எழுதியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "தெரியாம எழுதிட்டேங்க" என்றேன். "உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்" என்றார் அவர். பெத்தவளுக்கே தெரியல என்று அதற்கு மேல் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது எங்கள் அப்பாவை நினைத்தேன். அவர் இறந்து ஏழு வருடம். நடுவீட்டில் கிடத்தியபோது கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி வேட்டித் துணியில் ஒரு கட்டு. சுடுகாட்டில் அதையெல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் வைப்பார்கள் என்று பொதுவாகத் தெரியும். என் அண்ணன்தான் கொள்ளி வைத்தது. அவனிடம் நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். பிறகும் கேட்கவில்லை.

அந்த ஒரு போனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நவம்பரிலும் அவள் ஒன்றிரண்டு பேருடைய லேஸை அவிழ்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, டைரியிலும் எழுதவில்லை. குனிந்து திரும்பக் கட்டிவிட்டேன். கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் எனக்கும் கட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். நான்கு நாளில் பிடித்துக்கொண்டாள். வகுப்பிலேயே வில் முடிச்சுப் போடத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். லேஸ் அவிழ்ந்துபோகிறவர்கள் எல்லாம் அவளிடம் காலை நீட்டினார்கள்.

பேய்கள் அதிக நாள் நிற்கவில்லை. கஞ்சிக்கு எறும்பு வந்தது, பிறகு கரப்பான். ஆயாம்மா துணியை எல்லாம் துவைத்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டார். எலும்புக்கூடு மட்டும் ஸ்டோர் ரூமில் ஒரு கை இல்லாமல் கிடந்தது. மறுவருடம் அக்டோபரில் பிரின்சிபால் மேடம் மறுபடியும் பட்டியல் கொடுத்தார். அதில் மம்மி இல்லை.

அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த பிறகு ரேங்க் கார்டு வாங்க அவள் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். இத்தா முடிந்திருந்தது. கறுப்புப் பர்தாவில் வரிசையில் நின்று, முறை வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தார். கணக்கு நன்றாக வருகிறது, இங்கிலீஷ் ரைம்ஸ் சத்தமாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள், தமிழில் எழுத்து அழகு என்று சொன்னேன்.

"வீட்ல என்ன மிஸ் சொல்லிக்குடுக்கணும்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்க 'ண' எழுதியிருந்தாள். சில இடங்களில் மூன்று சுழி, பல இடங்களில் நான்கு.

"எங்க நிப்பாட்டணும்னு தெரியலங்க. அத மட்டும் பாத்துக்குங்க" என்றேன். அவர் நோட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.